திரை ஆடினால் மின்னைப் பார்

மலைநாட்டுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது, சற்று விந்தையானதுங்கூட. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னும் இடத்தில் 1912ஆம் ஆண்டிலேயே சிறு நீர்மின் நிலையமொன்று எழுந்து நுவரெலியா நகருக்கு விளக்கேற்றியது. அதனை அமைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னிலையில் நீர்மின்சாரம் பற்றிய தமது கட்டுரையை வாசித்தார். அவருடைய எண்ணம் கைகூடி, நோர்ட்டன் பிரிட்ஜில் தேங்கிய நீர் லக்ஷபான நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றத் தொடங்கியது 1950இல். அதற்கு முன்பே தோட்டத் தொழிற்சாலைகள் பல, தத்தம் ஓடைநீரைக் குழாயில் இறக்கித் தேயிலை எந்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தன. நாட்டுக்கு ஒளி கொடுத்த நீர் நம் மலையில் விழுந்த நீர். எனினும், அந்நீர் விழும் ஓசை கேட்கும் தூரத்தில் இருந்த லயன்களுக்கு மின்கம்பி வந்துசேர மேலும் பல பத்தாண்டுகள் சென்றன.

மின்சாரம் பிந்தி வந்த வீட்டுக்குக் கணினியும் பிந்தியே வந்தது. பல வீடுகளில் அது புதிதாக வரவுமில்லை. வெளிநாட்டில் வேலை செய்த உறவினர் கொண்டுவந்து கொடுத்தது, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டது, கொழும்பில் படித்த அண்ணன் விட்டுச்சென்றது என்று பலவகையாக வந்த பழைய பெட்டிகள் இன்றும் பரணிலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கக்கூடும். அண்மைக் காலத்தில் மாணாக்கர் சிலருக்கு இவற்றை உயிர்ப்பிக்கும் ஆசை பிறந்திருக்கிறது. நல்ல ஆசைதான். கைக்குள் அடங்கும் இக்காலத்துக் கருவியைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 1982ஆம் ஆண்டுக் கணினியைப் பிரித்தாலோ, இது நினைவகம், இது செயலி, இது திரைக்குப் படம் அனுப்புவது என்று விரல்வைத்துக் காட்டலாம். கற்பதற்கு அதனினும் சிறந்த பொருளில்லை.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு உறங்கிய கணினி, உறக்கத்திலே இறப்பதைக் காட்டிலும், விழித்த முதல் நிமிடத்தில் இறப்பதே அதிகம். ஆவலோடு பிளக்கைச் சுவரிலே செருகுகிறோமே, அந்த நிமிடந்தான் அதற்குக் கண்டம். ஆகையால் முறை இது: முதலில் மின், அதன் பின்னரே திரை. திரையில் காணும் குறைகளிற் பாதி திரையின் குறைகளே அல்ல என்பதையும் போகப் போகக் காண்போம்.

இந்நாட்டில் பழங்கணினி என்றவுடன் நினைவுக்கு வருபவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அந்த எழுத்தாளர், 1982இல் வெளிவந்த தமது "2010" நாவலைக் கொழும்பிலிருந்தபடி ஆர்க்கைவ்ஸ் 3 என்னும் நுண்கணினியில் எழுதி, ஓர் ஐந்தங்குலத் தட்டில் அடக்கி நியூயோர்க்குக்கு அனுப்பினார். இறுதித் திருத்தங்கள் பாதுக்கை நிலையத்தின் வழியே செய்மதியிலேறிச் சென்றன. அந்நாவல் திரைப்படமானபோது, அமெரிக்காவிலிருந்த நெறியாளர் பீற்றர் ஹயம்ஸும் இவரும் கேய்ப்ரோ 2 என்னும் கணினிகளைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து மாறிமாறிக் கடிதம் எழுதினர். அக்கடிதங்கள் 1985இல் நூலாகவும் வந்தன.

கேய்ப்ரோவைத் தூக்கிச் செல்லும் கணினி என்றுதான் விற்றார்கள்; எடையோ ஏறத்தாழ 13 கிலோ! தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கிப் பழகியவர்க்கு அது பொருட்டன்று என்க. ஒன்பது அங்குலப் பச்சைத்திரை, 64 கிலோபைற்று நினைவகம், தகரப்பெட்டி. இதனைச் செய்வித்த அன்றூ கே என்பவருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. வோல்ற்றளவை முள்ளால் காட்டாமல் எண்ணால் காட்டும் மானியை 1950களின் முற்பகுதியில் ஆக்கி விற்றவரும் அவரே. கணினி செய்வதற்கு முப்பதாண்டு முன்னே மின்னை அளக்கும் கருவியைச் செய்தவர்! பழங்கணினியைத் தொட விரும்பும் மாணவன் முதலில் வாங்க வேண்டியதும் அக்கருவியின் வழித்தோன்றலைத்தான். "மல்ரிமீற்றர்" என்று கேட்டால் ஹற்றன் கடைவீதியிலும் கிடைக்கும்; பள்ளிப் புத்தகத்தில் அதன் பெயர் பன்மானி. அது இல்லாமல் மேற்கொண்டு எதுவும் செய்யவேண்டாம்.

சுவரில் வரும் மின்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம், வினாடிக்கு 50 சுற்று. நூற்றுக்கு ஆறு பங்கு கூடவோ குறையவோ இடமுண்டு. அதாவது 216க்கும் 244க்கும் இடைப்பட்டது முறையான அளவு. தோட்டத்தின் கடைசி லயன்வரை நீண்டு செல்லும் கம்பியில், எல்லா வீட்டிலும் விளக்கும் கேத்தலும் எரியும் மாலை ஏழு மணிக்கு அளந்து பாருங்கள். பின்னர் இரவு பதினொரு மணிக்கு அளந்து பாருங்கள். இரண்டு எண்களையும் ஒரு கொப்பியில் குறித்து ஒரு வாரம் தொடர்ந்தால், உங்கள் வீட்டு மின்னின் குணம் தெரிந்துவிடும். சுவர் மின்னை அளப்பது மட்டும் பெரியவர் ஒருவர் அருகிலிருக்கச் செய்யவேண்டிய காரியம்.

அதைவிட இடர் தருவது மின் போய்த் திரும்பி வரும் கணம். 2022ஆம் ஆண்டின் நெடுநேர மின்வெட்டுகளை எவரும் மறந்திருக்கமாட்டார். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடே இருளில் மூழ்கிற்று என்ற செய்தியும் உலகெங்கும் போயிற்று. (நம் தோட்டத்துக் குரங்குகள் கூரைத்தகட்டோடு நின்றுவிடுவது நம் நல்லூழ்.) மின் திரும்பும்போது வோல்ற்றளவு ஒருமுறை துள்ளி எழக்கூடும். புதிய கருவிகள் அதனைத் தாங்கிக்கொள்ளும். நாற்பதாண்டு மூத்தவை தாங்கா. ஆகவே மின் போனால் உடனே பிளக்கைக் கழற்றுக. சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் இடி முழங்கும்போதும் அவ்வாறே. சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பர். மின்னல் சுவிட்சின் சிறு இடைவெளியை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை.

இன்னொன்று, புவித்தொடுப்பு. பழைய லயன்களில் அது ஒழுங்காக இருக்குமென்று நம்பிவிட முடியாது. தகரப்பெட்டியாலான கணினியைத் தொடும்போது விரலில் எறும்பு ஊர்வதுபோல் ஓர் உணர்ச்சி தோன்றினால், அது கணினி அன்போடு கொடுக்கும் எச்சரிக்கை. தகுதிபெற்ற மின்வேலையாளரை அழைத்துப் புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லும்வரை அதனை இயக்கவேண்டாம்.

ஐந்து வோல்ற்றின் கதை

சென்ற ஆண்டு பொகவந்தலாவைப் பக்கத்து மாணவன் ஒருவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். உள்ளே கொமடோர் 64 என்னும் கணினி, 1982இல் வெளிவந்த வகை. அதனோடு செங்கல் போன்ற அதன் மின்வழங்கியும், ஓர் ஒலிநாடாப் பேழையும். அவனுடைய தாய்மாமன் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது. மாமன் இப்போது இல்லை. பேழையின் மேல் அவர் கையெழுத்தில் ஒரு திகதியும் "கணக்கு" என்ற சொல்லும் மட்டுமே இருந்தன.

"சேர், இன்றைக்கே போட்டுப் பார்த்துவிடுவோமா?"

"போடலாம் தம்பி. முதலில் இந்தச் செங்கல் என்ன சொல்கிறது என்று கேட்போம்" என்றேன்.

அந்தச் செங்கலிலிருந்து இரண்டு வகை மின் வெளிவருகின்றன. ஒன்று 5 வோல்ற்று நேரோட்டம். மற்றது 9 வோல்ற்று ஆடலோட்டம். கணினியின் சில்லுகளுக்கு உணவு அந்த ஐந்து வோல்ற்று. அவை ஏற்பது 4.75 முதல் 5.25 வரை. குறைந்தால் கணினி தடுமாறும், மயங்கி நிற்கும், அவ்வளவே. கூடினால் அப்படியன்று. ஐந்தரையைத் தாண்டிச் சென்றால் நினைவகச் சில்லுகள் ஒவ்வொன்றாக மாண்டுபோகும். இந்தச் செங்கலுக்குள் வோல்ற்றளவுச் சீராக்கி ஒன்று இருக்கிறது. செய்தவர்கள் அதனைச் சுற்றிப் பிசினை ஊற்றி இறுக்கிவிட்டனர். வெப்பம் வெளியேற வழியில்லை. திறந்து திருத்தவும் வழியில்லை. ஆண்டுகள் பல வெந்த அந்தச் சீராக்கி ஒருநாள் தன் காவலைக் கைவிடும்போது, கட்டுப்படாத மின் நேரே கணினிக்குள் பாய்கிறது. உலகமெங்கும் கொமடோர் 64 கணினிகள் மாண்டதற்குப் பெருங்காரணம் இதுவே. கணினி நன்றாயிருக்கும், அதனைக் கொல்வது அதன் சொந்த மின்வழங்கி.

வெறுமனே அளந்தால் உண்மை தெரியாது. சுமை ஏற்றி அளக்கவேண்டும். கணினிக்குப் பதிலாக 5 ஓம் தடையி ஒன்றை இணைத்தோம். ஐந்து வோல்ற்றை ஐந்து ஓமால் வகுத்தால் ஓர் அம்பியர். ஐந்து வோல்ற்றை ஓர் அம்பியரால் பெருக்கினால் ஐந்து வாற்று. ஆகவே பத்து வாற்றுத் தாங்கும் தடையியே வேண்டும். சின்னத் தடையி கருகிவிடும். ஓமின் விதி பரீட்சைக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்த பையனின் முகத்தில் ஒரு மாறுதல் தோன்றியதைக் கண்டேன்.

முதலில் மானி 5.1 என்று காட்டிற்று. பையன் எழுந்துவிட்டான். இருக்கச் சொன்னேன். தேநீர் குடித்தோம். கால் மணி சென்றபின் 5.2. அரை மணியில் 5.4. முக்கால் மணி ஆனதும் செங்கலைத் தொட்டால் கை சுட்டது; மானியில் 5.9. அவன் ஒன்றும் பேசவில்லை. வந்தவுடன் கணினியோடு இணைத்திருந்தால், முதல் அரைமணி நேரம் மகிழ்ந்து விளையாடியிருப்பான். அதன் பின்னர் என்ன ஆகியிருக்கும் என்பதை மானியே அவனுக்குச் சொல்லிவிட்டது.

அந்தச் செங்கலை ஒதுக்கிவிட்டோம். கைத்தொலைபேசியின் சார்ஜரும் ஐந்து வோல்ற்றுத்தானே, அதைக் கொடுத்தால் என்ன என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கணினிக்கு 9 வோல்ற்று ஆடலோட்டமும் வேண்டும். ஒலி எழுப்பும் சில்லுக்கும் நாடாப்பெட்டியின் மோட்டருக்கும் அதிலிருந்தே மின் பிறக்கிறது. நேரம் காட்டும் உறுப்பும் அதன் ஐம்பது சுற்றுகளையே எண்ணிக்கொள்கிறது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை விட்டால் பாதி உயிரோடுதான் எழும். ஆகையால் வானொலி திருத்துபவர் ஒருவரிடம் சொல்லி, ஒன்பது வோல்ற்றுக்கு ஒரு நிலைமாற்றியும் ஐந்து வோல்ற்றுக்குப் புதிய சீராக்கியும் வைத்து ஒரு பெட்டி செய்வித்தோம். கூடவே, ஐந்து வோல்ற்று எல்லை கடந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் காவல் ஒன்றும்.

கணினிக்குக் கணினி இந்த விவரம் மாறும். ஸின்கிளேயர் ஸ்பெக்ரம் என்னும் சிறு கணினிக்கு ஒன்பது வோல்ற்று நேரோட்டம் போதும். ஆனால் அதன் செருகுமுனையில் நடுப்பகுதி எதிர்முனை. இன்று கடையில் விற்கும் அடப்டர்களில் பெரும்பாலும் நடுப்பகுதி நேர்முனை. துளை பொருந்துகிறதே என்று செருகினால் தீர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தவை 110 அல்லது 120 வோல்ற்றுக்கு உரியவை. சிலவற்றின் முதுகில் 115 என்றும் 230 என்றும் தெரிவு செய்யும் சிறு தள்ளுகட்டை இருக்கும். அது எங்கே நிற்கிறதென்று பாராமல் செருகுவோர் ஒரு வெடியோசையைக் கேட்பர். ட்ரான்ஸ்போமர் வைத்து வோல்ற்றளவைக் குறைக்கலாமே என்றால், குறைக்கலாம்; ஆயினும் 60 சுற்று 50 சுற்றாகவே இருக்கும். அறுபதுக்கென்று இறுக்கமாகச் செய்த நிலைமாற்றி ஐம்பதில் கூடுதலாகச் சூடேறும். கைவைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மூடுபனியும் கண்டென்சரும்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி நம் வீட்டுக்குள் விருந்தாளியாக வருவதில்லை; வீட்டுக்காரராகவே வசிக்கிறது. பழங்கணினிக்கு இது பெரும்பகை. பிபிசி மைக்ரோ, அப்பிள் 2 போன்ற கணினிகளின் மின்வழங்கிகளில், சுவர் மின் நுழையும் வாயிலில் ஒருவகைக் கொள்ளளவியை வைத்திருந்தார்கள். அதனுள் உள்ளது உலோகம் பூசிய தாள்; மேலே தேன் நிறப் பிசினுறை. ஆண்டுகள் செல்ல அவ்வுறையில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். வெடிப்பின் வழியே ஈரம் புகும். ஈரமேறிய தாளின்மேல் 230 வோல்ற்று ஏறியதும் ஒரு மணம் எழும். அதன்பின் வெண்புகை அறையை நிறைக்கும். கணினியே எரிந்துவிட்டதென்று வீட்டார் அலறுவர். உண்மையில் கணினிக்கு ஒன்றும் ஆகியிராது. அந்தச் சிறு உறுப்பொன்றே வெந்திருக்கும். இதனை முன்கூட்டியே கழற்றிவிட்டுப் பிளாஸ்ரிக் படலத்தாலான புதியதை வைத்துவிடுவது நூறு மடங்கு மேல். ஆனால் அது சுவர் மின் ஓடும் பகுதி. அங்குள்ள பெரிய கொள்ளளவிகளில் 325 வோல்ற்று நேரோட்டம், பிளக்கைக் கழற்றிய பின்னும் தேங்கி நிற்கும். மாணவர் கைவைக்கும் இடமன்று. தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு அருகிலிருந்து பார்க்கலாம்.

பரணிலிருந்து இறக்கிய கணினியை அன்றே இயக்காதீர்கள். உலர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் திறந்து வையுங்கள். குளிர்ந்த தகட்டின்மேல் வெதுவெதுப்பான காற்று பட்டால் நீர்த்துளி அரும்பும். குளிர்ந்த கண்ணாடிக் குவளையில் காணாததா? அடுப்பங்கரைக்கு அருகே வைத்து உலர்த்தலாம் என்று சிலர் எண்ணுவர். விறகுப்புகை உள்ளே படிவது ஈரத்தினும் கெடுதி.

பழைய வானொலிக்காரர்கள் கையாண்ட ஒரு தந்திரம் உண்டு. சீரிஸ் பல்ப் என்பார்கள். திருத்திய நிலைமாற்றியை முதன்முறை இயக்கும்போது, சுவர் மின் ஓர் 60 வாற்று இழைவிளக்கின் ஊடே சென்று சேருமாறு செய்வர். உள்ளே எங்கேனும் குறுக்குச் சுற்று இருந்தால் விளக்கு முழு ஒளியோடு எரியும், கருவி தப்பும். இல்லையேல் ஒருகணம் மின்னி மங்கிவிடும். இக்காலத்து எல்ஈடி விளக்கு இதற்கு உதவாது. அந்த இழைவிளக்குகள் கடையில் அருகிவருவது திருத்துவோருக்கு ஒரு நட்டமே.

திரைக்கு வருவோம்

இனித் திரை. 1980களின் சிறு கணினிகளுக்குத் தனித்திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. இலங்கை ரூபவாகினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியபோது அதன் முதன்மையான அஞ்சற் கோபுரம் நம் பிதுருதலாகல மலைமேலேயே நின்றது. 2,524 மீற்றர் உயரத்திலிருந்து படம் நாட்டுக்குள் இறங்கிற்று. மின்கம்பி எட்டாத இடங்களில் கார் பற்றரியில் ஓடிய சிறு கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பெட்டி இப்போதும் வேலை செய்தால் எறிந்துவிடாதீர்கள். பழங்கணினிக்கு அதைவிடப் பொருத்தமான திரை அரிது.

நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை பால்; ஒரு படத்துக்கு 625 வரி, வினாடிக்கு 50 புலம். அமெரிக்க முறை 525 வரி, 60 புலம். அமெரிக்கக் கணினியை நம் பழைய பெட்டியில் இணைத்தால் படம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ உருண்டுகொண்டே போகும். பயப்பட ஒன்றுமில்லை. வரி பாயும் வேகம் ஒன்றில் 15,625, மற்றதில் 15,734; ஏறத்தாழ ஒன்றே. ஆகையால் கிடையாகப் படம் நிற்கும். செங்குத்தாக மட்டுமே ஓடும். பெட்டியின் முதுகில் செங்குத்துப் பிடிப்புக்கு ஒரு குமிழ் இருக்கும். மெல்லத் திருப்ப, உருளும் படம் தயங்கி, பின் நின்றுவிடும். நிறம் மட்டும் வராது. அதற்குக் குமிழ் இல்லை.

எல்லாத் திரையும் இவ்வளவு பொறுமை உள்ளவையல்ல. ஐபிஎம் கணினிகளின் முதற்காலத்தில் எழுத்துக்கு மட்டும் ஒரு திரையும் நிறத்துக்கு ஒரு திரையுமாக இருவகை இருந்தன; இரண்டுக்கும் ஒன்பது முனைகொண்ட ஒரே வடிவச் செருகி. ஒன்றின் வரிவேகம் 18,000க்கு மேல். மற்றதன் வேகம் 16,000க்குக் கீழ். மாற்றிச் செருகினால் பொருந்தும். ஆனால் திரையின் உறுப்புகள் வெந்துபோகலாம். சீழ்க்கை போன்ற புதிய ஒலி கேட்டால் அக்கணமே அணைக்கவேண்டும்.

கதோட்டுக் கதிர்க்குழாயைப் பற்றி ஒரு சொல். பேர்டினாண்ட் பிரவுன் 1897இல் ஆக்கிய அக்குழாயில், மின்கற்றை கண்ணாடியின் உட்புறத்தில் மோதி ஒளி பிறக்கிறது. அக்கற்றையை இழுப்பதற்குச் சிறு பச்சைத்திரையிலும் பத்தாயிரம் வோல்ற்று அளவு வேண்டும். வர்ணத் திரையில் இருபதாயிரத்துக்கும் மேல். பிளக்கைக் கழற்றிப் பல நாள் சென்றபின்னும் குழாய் அதனை வைத்துக்கொண்டிருக்கலாம். கழுத்துப்பகுதி முறிந்தால் கண்ணாடி உள்நோக்கிச் சிதறும். முதுகுமூடியைக் கழற்றும் வேலை, பழகிய திருத்துநருக்கே உரியது. அவர்களும் ஒரு கையைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டே மறுகையால் தொடுவர். இரு கைகளுக்கிடையே நெஞ்சு இருக்கிறது என்பதே காரணம்.

வெளியிலிருக்கும் குமிழ்களே நமக்குப் போதும். முதலில் திரை முழுவதையும் ஒரே எழுத்தால் நிரப்புக. ஆங்கிலத்தின் "எச்" எழுத்து இதற்கு ஏற்றது, நிமிர்ந்த கோடும் கிடைக்கோடும் அதில் உள. இருண்ட அறையில் ஒளியைக் கூட்டிக் குறைத்து, எழுத்தில்லாத இடம் சாம்பலாகத் தோன்றாமல் சரியாகக் கறுக்கும் இடத்தில் நிறுத்துக. பின்னர் எழுத்தின் வெண்மையை வேண்டிய அளவுக்கு. அதன்பின் உயரம். மேல்வரி எழுத்தும் கீழ்வரி எழுத்தும் ஒரே உயரமா என்று அடிமட்டம் வைத்துப் பார்த்து, மேலே நீண்டு கீழே குறுகியிருந்தால் சீர்மைக் குமிழைத் தொடுக. குமிழ்கள் முதுகில், படம் முகத்தில்! ஆதலால் எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்திக்கொள்வது பழைய தொலைக்காட்சித் திருத்துநர் வழக்கம். இரும்புத் திருப்புளி வேண்டாம். பிளாஸ்ரிக்கால் ஆனதே நன்று. திருப்புமுன் குமிழ் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்தால், வழி தவறினால் திரும்பிவரலாம்.

இவ்வளவு செய்தும் படம் சரியாகாவிட்டால் குமிழ்களை விட்டுவிட்டு மின்னுக்குத் திரும்புக. படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவில் நிற்கிறதா? திரைக்குச் செல்லும் மின் குறைந்திருக்கலாம். உயரக் குமிழைத் திருப்பி அதனை மறைப்பது நோயை விட்டு முகத்துக்குப் பூச்சிடுவது போன்றது. திரையின் குறுக்கே மங்கலான பட்டைகள் மெல்ல ஏறுகின்றனவா? எண்ணிப் பாருங்கள். ஐம்பது புலத் திரையில் இரண்டு பட்டை என்றால் நூறு சுற்றுத் துடிப்பு எங்கிருந்தோ கசிகிறது. மின்வழங்கியின் வடிகட்டும் கொள்ளளவி உலர்ந்துவிட்டது என்று ஐயுறலாம். ஒரே பட்டை என்றால் ஐம்பது சுற்று. திருத்தியின் இருவாய்களில் ஒன்று போயிருக்கலாம், அல்லது புவித்தொடுப்பில் கோளாறு. கணிதம் தெரிந்த மாணவன் பட்டைகளை எண்ணியே நோயைச் சொல்லிவிடலாம் என்பது இக்கலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. அறுபது புலத் திரையிலோ பட்டை நில்லாது. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள வேறுபாட்டால் படம் வினாடிக்குப் பத்துமுறை நடுங்கும்.

நம் பொகவந்தலாவை மாணவனின் கணினியும் இதற்கு விலக்காகவில்லை. புதிய மின்வழங்கியை இரண்டு மணிநேரம் தடையியோடு ஓடவிட்டு, மானி 5.05இலிருந்து அசையாதிருப்பதைக் கண்டபின் கணினியை இணைத்தோம். அவன் வீட்டுப் பழைய பெட்டியில் நீலத்திரை எழுந்தது. 38911 பைற்று காலியென்ற அறிவிப்பும், அதன்கீழ் "ரெடி" என்ற சொல்லும் வந்தன. ஆனால் எழுத்துகள் நீரில் விழுந்த நிழல்போல் மெல்ல நெளிந்தன. குமிழைத் திருப்பக் கை நீட்டியவனைத் தடுத்து, மின்வழங்கி எங்கே இருக்கிறது பார் என்றேன். தொலைக்காட்சியை ஒட்டியே வைத்திருந்தான். நிலைமாற்றியின் காந்தப்புலம் மின்கற்றையை வளைத்துக்கொண்டிருந்தது. ஒரு முழத் தூரம் தள்ளிவைத்தான். எழுத்துகள் நேராக நின்றன.

மாமனின் ஒலிநாடா அன்று ஏறவில்லை. ஓசை கேட்கிறது, கணினி அதனைப் படிக்க மறுக்கிறது. நாடாப்பெட்டியின் தலைப்பகுதியைச் சுத்தமான ஸ்பிரிற்றால் துடைத்து, அதன் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியை இம்மி இம்மியாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். அடுத்த ஞாயிறு பஞ்சும் சிறு திருப்புளியும் கொண்டுவருவதாகச் சொல்லி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போனான்.